மாதம் முழுக்கக் கடன் தருபவர் யார்? வேலூர் வீடுகளில் நம்பிக்கையின் கணக்கு

காலை ஆறரை மணிக்கு மேல் ஊசூர், கணியம்பாடி, பொய்கை பக்கத்திலிருந்து வேலூருக்குள் வரும் டவுன் பஸ்களில் பெண்கள் கூட்டம்தான் அதிகம். பூ விற்கப் போகிறவர்கள், கீரைக்கட்டோடு வருகிறவர்கள், ஜவுளிக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் வேலைக்குப் போகிறவர்கள். அவர்களோடு, ஒரு சின்ன டிபன் டப்பாவும் மாற்று நைட்டியும் வைத்த கட்டைப்பையோடு வீட்டு வேலைக்குப் போகிறவர்களும் இருப்பார்கள். சத்துவாச்சாரி, காட்பாடி காந்தி நகர், பாகாயம், தொரப்பாடி என்று ஆளுக்கொரு நிறுத்தத்தில் இறங்கிப் பிரிந்து போவார்கள். 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. 2023 ஆகஸ்டில் காலைச் சிற்றுண்டி எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. இந்த இரண்டும் சேர்ந்து, கிராமத்தில் பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்களில் சிலரையாவது ஊருக்குள் வேலைக்கு வரவைத்திருக்கின்றன. பஸ் காசு மிச்சம். பிள்ளை பள்ளியில் சாப்பிட்டுக்கொள்ளும். ஏழு மணிக்குள் முதல் வீட்டுக்குப் போய்விடலாம்.

வேலூரில் இந்த வேலைக்கு ஆள் தேவைப்படுவதற்குக் காரணம் ஊரின் அமைப்பிலேயே இருக்கிறது. ஐடா ஸ்கடர் 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை இன்று சி.எம்.சி. 1984-ல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கியது இன்று வி.ஐ.டி. இரண்டையும் சுற்றித்தான் ஊர் வளர்ந்தது. கணவனும் மனைவியும் ஷிப்டு பார்க்கும் செவிலியர் வீடுகள், இரண்டு பேரும் வகுப்பெடுக்கும் பேராசிரியர் வீடுகள், பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்க வயதானவர்கள் மட்டும் இருக்கும் தனி வீடுகள். இப்படிப்பட்ட வீடுகளில் வேலைக்கு வருபவர் ஒரு நாள் வராவிட்டால் அன்றைய நாளே தடுமாறும். இருந்தும் அவரைப் பற்றி வீடுகளில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: ‘நம்பி வீட்டை விட முடியுமா?’

கேள்வியில் தவறில்லை. வெளியாள் ஒருவரை அடுப்படி வரை, பீரோ இருக்கும் அறை வரை விடுகிறோம். வீட்டில் தொண்ணூறு வயது அம்மா தனியாக இருக்கலாம், கைக்குழந்தை இருக்கலாம். பயம் வருவது இயல்பு. ஆனால் நம்பிக்கை என்றாலே வீட்டுக்காரர் வேலைக்காரர் மேல் வைப்பது மட்டும்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். எதிர்ப்பக்கத்திலிருந்து வருவதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2018-ல் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தபோது, மணிக்கு 37 ரூபாயில் தொடங்கியது. பெருக்கித் துடைத்துப் பாத்திரம் தேய்க்க ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாள் வேலை. ஒரு வீட்டுக்கு 1,443 ரூபாய் வருகிறது. அதுவும் பல வருடத்துக்கு முந்தைய அடிமட்ட அளவு. நாலு வீடு செய்பவருக்கு மாதக் கடைசியில் 5,772 ரூபாய் வீட்டுக்காரர்களிடம் நிற்கிறது. பத்திரம் இல்லை, கையெழுத்து இல்லை, வட்டியும் இல்லை. ஒன்றாம் தேதி வரும் என்று வாயால் சொன்னதை நம்பி மாதம் முழுக்கத் தன் உழைப்பைக் கடனாகத் தருகிறார். சம்பளம் ஐந்தாம் தேதிக்குத் தள்ளிப்போனாலும், ‘நாங்க ஊருக்குப் போறோம், வந்து தர்றோம்’ என்றாலும் அவர் கேட்க முடியாது. கேட்டால் ‘காசுல குறியா இருக்காங்க’ என்ற பெயர் வரும்.

இதே பெண் வீட்டுச் செலவுக்கோ பிள்ளையின் காலேஜ் பீஸுக்கோ குழுக் கடன் வாங்கியிருப்பார். அங்கே வாரத் தவணை. குறித்த நாள் காலையில் எல்லோரும் ஒரு வீட்டில் கூட வேண்டும். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். அதற்கு வட்டி உண்டு. வட்டி இல்லாமல் உழைப்பைக் கடன் கொடுத்துவிட்டு, வட்டிக்குப் பணம் கடன் வாங்குகிற நிலை இது. சம்பளம் நாலு நாள் தள்ளிப்போனால் வீட்டுக்காரருக்கு அது மறந்துபோகும் விஷயம். அவருக்கு அந்த வாரத் தவணையன்று பத்துப் பேர் முன்னால் தலைகுனிகிற விஷயம். ‘இந்தக் கிழமை மட்டும் கொஞ்சம் லேட்டா வரேன்மா’ என்று அவர் கேட்பது எதற்காக என்று பல வீடுகளில் விசாரிப்பதே கிடையாது. விசாரித்த வீடுகளில் அந்தக் கிழமைச் சண்டை ஒரேயடியாக நின்றுபோயிருக்கிறது.

பணத்தை விடப் பெரிய முதல் ஒன்றையும் அவர் நம்பிக் கொடுக்கிறார். அது அவருடைய பெயர்.

காந்தி நகரில் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. ஆறு வருடமாக ஒரே அம்மா வேலை செய்துவந்தார். சாவி அவரிடம்தான் இருந்தது. ஒருநாள் அந்த வீட்டு அம்மா தலைக்குக் குளிக்கப் போகும்போது கம்மலைக் கழற்றி எங்கோ வைத்தார்; இரண்டு நாள் கழித்துத் தேடினால் காணோம். வேலைக்கு வருபவரிடம் நேராகக் கேட்கவில்லை. அடுத்த நாள் சாவியை வாங்கிக்கொண்டார். அவர் பெருக்கும் அறைக்கெல்லாம் பின்னாலேயே போய் நின்றார். பக்கத்து வீட்டில் சொன்னார், எதிர்வீட்டிலும் சொன்னார். பேச்சு சுற்றி வந்து காதில் விழுந்ததும் அந்த அம்மா வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டார். நின்றதே அவர் மேல் இருந்த சந்தேகத்தை உறுதியாக்கிவிட்டது. பல வாரம் கழித்து, மாற்றிக் கட்டில் அடியில் போட்டிருந்த பழைய தலையணை உறைக்குள்ளிருந்து கம்மல் விழுந்தது. வீட்டு அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை, போன் செய்தார். மறுமுனையில் வந்த பதில்: “கெடச்சிச்சாம்மா, நல்லதும்மா. நாலு வீட்ல சொல்லிக்கினு இருந்தீங்களே, அந்த நாலு வீட்லயும் இப்ப போய்ச் சொல்லுங்க.” போய்ச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மா திரும்பி வரவில்லை.

இந்த ஊரில் வீட்டு வேலை கிடைப்பது ஏஜென்சி மூலமாக அல்ல. பெரும்பாலும் வாய்ச்சொல் மூலமாகத்தான். ‘எங்க நாத்தனார் ஒருத்தங்க இருக்காங்க, சுத்தமா செய்வாங்க’ என்று ஒருவர் இன்னொருவரைக் கொண்டுவந்து விடுவார். அதனால் ஒரு வீட்டில் விழுந்த பழி நாலு வீட்டு வருமானத்தையும் சேர்த்து அடிக்கிறது. கூட்டிவந்தவரின் பெயரும் கெடுகிறது. வீட்டுக்காரர் பக்கத்தில் தப்பான சந்தேகத்துக்குச் செலவு எதுவும் இல்லை. புது ஆள் தேடும் அலைச்சல் மட்டும்தான்.

சட்டமும் இந்த விஷயத்தில் ஒரு பக்கமாகவே சாய்ந்து பிறந்தது. 1860-ன் இந்திய தண்டனைச் சட்டம் சாதாரணத் திருட்டுக்கு மூன்று வருடம் வரை சிறை என்றது. வேலைக்காரர் எஜமானரின் பொருளைத் திருடினால் 381-ஆம் பிரிவில் ஏழு வருடம் வரை. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் அதை 306-ஆம் பிரிவாக அப்படியே எடுத்துக்கொண்டது. நம்பி வீட்டுக்குள் விட்டவருக்குச் செய்த துரோகம் என்பதுதான் இதற்குப் பின்னாலுள்ள நியாயம். சரி, நம்பிக்கைத் துரோகம் பெரிய குற்றம்தான். அப்படியானால், நம்பி ஒரு மாதம் உழைத்தவரின் சம்பளத்தைக் கொடுக்காமல் ஏமாற்றுவதும் அதே எடை உள்ள துரோகமாக இருக்க வேண்டும். அதற்கு அந்த எடை இல்லை.

பொருள் காணாமல் போனால் என்ன செய்வது என்று யோசித்து வைத்துக்கொள்வது இரண்டு பக்கத்துக்கும் நல்லது. முதலில் நாமே முழுக்கத் தேட வேண்டும்: தலையணை உறை, வாஷிங் மெஷின், குளியலறை ஜன்னல் திட்டு, கைப்பை எல்லாம். அன்றைக்கே, தனியாக, நேராகக் கேட்க வேண்டும். ‘இதப் பாத்தீங்களா, தேடிக்கிட்டு இருக்கேன்’ என்பது ஒரு பேச்சு. ‘நீங்க வந்துட்டுப் போனப்புறம்தான் காணோம்’ என்பது வேறு பேச்சு. முதல் பேச்சில் அவரும் சேர்ந்து தேடுவார். வீட்டைத் தினமும் குனிந்து பெருக்குகிறவருக்கு எந்தச் சந்தில் எது உருண்டு போகும் என்று நம்மைவிட நன்றாகவே தெரியும். போலீஸ் வரை போகிற நிலை வந்தாலும், பெண்ணைச் சூரியன் மறைந்த பிறகு, விதிவிலக்கான சூழ்நிலை தவிர, கைது செய்யக் கூடாது என்ற பாதுகாப்பு சட்டத்தில் இருக்கிறது. இதை அந்தப் பெண்களில் பலருக்கு யாரும் சொல்வதில்லை.

இந்த நம்பிக்கையை இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில், காலையில் கதவு திறக்காவிட்டால் முதலில் கவலைப்படுபவர் வேலைக்கு வருபவர்தான். தாத்தா எந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவார், பாட்டிக்குச் சர்க்கரை இறங்கினால் எப்படி வியர்க்கும் என்றெல்லாம் அமெரிக்காவில் இருக்கும் மகனைவிட அவருக்குத்தான் தெரியும். இந்தக் கவனம் எந்தச் சம்பளக் கணக்கிலும் வராது. மரியாதை கெட்டால் முதலில் காணாமல் போவதும் இதுதான். வேலை நடக்கும், பாத்திரம் பளபளக்கும். கதவு திறக்கவில்லையே என்ற பதற்றம் மட்டும் இருக்காது.

மரியாதை என்பதைப் பலர் இனிமையாகப் பேசுவது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இனிமையாகப் பேசிக்கொண்டே தனி டம்ளர் வைத்திருக்கும் வீடுகள் நம் ஊரில் இன்னும் இருக்கின்றன. அடுப்படி ஜன்னலுக்கு வெளியே, அல்லது துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்துத் திட்டில் கவிழ்த்து வைத்த ஒரு எவர்சில்வர் டம்ளர். காபி அதில்தான் வரும், குடித்ததும் அவரே கழுவிக் கவிழ்க்க வேண்டும். வீட்டிலுள்ள அத்தனை பாத்திரத்தையும் தேய்த்துக் கொடுக்கிற கை அது. வேலூர்ப் பக்கம் வீட்டு வேலைக்கு வருபவர்களில் நிறையப் பேர் தலித் பெண்கள். டம்ளரைப் பிரித்து வைப்பதற்கு ‘சுத்தம்’ என்றும் ‘இன்பெக்‌ஷன்’ என்றும் புதுக் காரணம் சொன்னாலும் அது சாதிதான். அதை வேறு பெயரில் சொல்லித் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை. இதை வைத்துக்கொண்டு நம்பிக்கையைப் பற்றிப் பேசுவதில் பொருளும் இல்லை.

கழிப்பறையும் அப்படியே. நாலு வீடு செய்கிறவர் காலை ஏழு மணியிலிருந்து மதியம் இரண்டு வரை வெளியில் இருக்கிறார். எத்தனை வீடுகளில் ‘பாத்ரூம் போகணும்னா போங்க’ என்று முதல் நாளே சொல்கிறார்கள்? சொல்லாத வீட்டில் அவர் கேட்கக் கூச்சப்படுவார். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார். மே மாதத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது. தினமும் அந்தக் குளியலறையைத் தேய்த்துக் கழுவுகிறவர் அவரேதான்.

குளியலறை என்றதும் ஒரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். இங்கே பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற நாளில் குடிக்கப் பிடித்து வைத்துக்கொண்டு, மற்றதற்கெல்லாம் போர் தண்ணீர்தான். குழாயடியிலும் டைல்ஸிலும் வெள்ளையாக உப்புக் கறை படியும். தேய்த்தால் போகாது, ஆசிட் ஊற்றினால் போகும். அதனால் ஆசிட் பாட்டில் இல்லாத வீடு குறைவு. பக்கத்திலேயே பிளீச்சிங் பவுடரும் இருக்கும். அவசரத்தில் ஒன்றின் மேல் இன்னொன்று விழுந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய சின்னக் குளியலறையில் அது நெஞ்சை அடைக்கும், கண்ணெரியும், மூச்சுத்திணறல் வரை போகும். கழிப்பறை கழுவும் பல திரவங்களிலும் அதே ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் இருக்கிறது. அவற்றையும் பிளீச்சிங்கோடு சேர்க்கக் கூடாது. பாட்டில் மேல் எச்சரிக்கை பொடி எழுத்தில் இருக்கும். வாங்கி வைத்தது வீட்டுக்காரர். படித்துச் சொல்ல வேண்டியதும் அவர்தான். இரண்டையும் வேறு வேறு இடத்தில் வைத்து, ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்து, ‘ஜன்னலத் திறந்து வச்சுட்டுக் கழுவுங்க, மூச்சு முட்டுனா விட்டுட்டு வெளிய வந்துடுங்க’ என்று சொல்வது எனக்குத் தெரிந்து மரியாதையின் நேரடியான வடிவம். உடம்பைக் காப்பாற்றாத மரியாதையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

லீவு விஷயம்தான் தினசரிச் சண்டைக்குக் காரணம். வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா என்றால், அந்தப் பக்கத்துக்காரர்கள் வரமாட்டார்கள். ஆடியில் கூழ் ஊற்றும் நாள், சொந்தத்தில் சாவு, பிள்ளைக்குக் காய்ச்சல். பெருமழையில் நிக்கல்சன் கால்வாய் பொங்கிக் கன்சால்பேட்டை வீடுகளுக்குள் தண்ணீர் வந்தால், அங்கேயிருந்து வருபவர் தன் வீட்டுச் சேற்றை அள்ளிவிட்டுத்தான் நம் வீட்டைத் துடைக்க வர முடியும். வீட்டுக்காரர்களின் வருத்தம் லீவு எடுப்பதைவிடச் சொல்லாமல் எடுப்பதில்தான் இருக்கிறது. ஏன் சொல்வதில்லை? சொன்னால் ‘அன்னிக்குத்தானா, வீட்ல விருந்தாளி வராங்களே’ என்று பேச்சு நீளும். சிலர் சம்பளத்தில் பிடிப்பார்கள். சொல்லாமல் நின்றுவிட்டு மறுநாள் திட்டு வாங்குவது அவருக்குச் சுலபமாக இருக்கிறது. மாதம் இத்தனை நாள் சம்பளத்தோடு லீவு என்று வேலையில் சேரும்போதே பேசிக்கொண்டால், முந்தின நாள் ராத்திரியே போன் வந்துவிடும். நான் விசாரித்த வீடுகளில் இது ஏறக்குறையத் தவறாமல் நடக்கிறது.

முதல் நாள் பேச்சில் கட்டாயம் இருக்க வேண்டிய இன்னொன்று, வேலை எவ்வளவு என்பது. பெருக்கித் துடைத்துப் பாத்திரம் என்று பேசிச் சேர்த்துவிட்டு, அப்புறம் ‘அப்படியே அந்தத் துணியையும் போட்டுடுங்க’, ‘அப்படியே மாடியையும் ஒரு தடவை’ என்று சேர்த்துக்கொண்டே போவது நம் வீடுகளின் பழக்கம். கேட்கிற ஒவ்வொன்றும் பத்து நிமிஷ வேலைதான். ஆனால் அவருக்கு அடுத்த வீட்டில் எட்டரைக்குப் பிள்ளைகள் கிளம்புவதற்குள் போயாக வேண்டும். அங்கே தாமதமாகிற கோபத்தை அவர்தான் வாங்கிக்கொள்கிறார். போகிக்கு முன் வீட்டை ஒட்டடை அடித்துக் கழுவும்போதும், ரமலானுக்கு முன் வேலூர் சைதாப்பேட்டைப் பக்கத்து வீடுகளில் மொத்தமாகச் சுத்தம் செய்யும்போதும், கூடுதல் வேலைக்குக் கூடுதல் காசு தனியாகக் கொடுக்கிற வீடுகள் நிறைய உண்டு. அந்த வழக்கத்தை மற்ற நாளுக்கும் நீட்டித்தால் போதும். தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுப்பது பிரியம். கூடுதல் வேலைக்குக் காசு கொடுப்பது கணக்கு. ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கழிக்கக் கூடாது.

சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள வாடகை அறைகளும், காட்பாடியில் மாணவர்கள் சேர்ந்து எடுக்கும் வீடுகளும் தனி உலகம். மேற்கு வங்கத்திலிருந்தோ வங்கதேசத்திலிருந்தோ சிகிச்சைக்கு வந்த குடும்பம் சில வாரம் தங்கும், போய்விடும். பழக நேரமில்லை, பாஷையும் பாதி சைகை. அங்கே சுத்தம் செய்யும் பெண்ணுக்குச் சம்பளம் கொடுக்கும் பொறுப்பு அறையின் சொந்தக்காரருடையது என்பதால் தங்குபவருக்கும் அவருக்கும் இடையே எந்தப் பேச்சும் இருப்பதில்லை. பொருள் காணாமல் போனால் மட்டும் அவர் பெயர் முதலில் வருகிறது. இந்த அறைகளில் பூட்டு உள்ள அலமாரி ஒன்றை வைப்பது சொந்தக்காரர் செய்ய வேண்டிய சின்னச் செலவு.

கேமராவைப் பற்றியும் கேட்கிறார்கள். கூடத்திலோ வாசலிலோ இருந்தால் இருக்கட்டும். இருக்கிறது என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மறைத்து வைத்ததை அவர் ஒருநாள் கண்டுபிடித்தால் அன்றோடு அந்த உறவு முடிந்தது.

அரசு என்ன செய்திருக்கிறது என்று பார்த்தால், வெறுங்கை என்று சொல்ல முடியாது. 1982-ன் தமிழ்நாடு உடல் உழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2007-ல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் அமைந்தது. 18 முதல் 60 வயதுக்குள் பதிவு செய்யலாம். பிள்ளைகளின் படிப்புக்கு, பிரசவத்துக்கு, விபத்துக்கு உதவி, 60-க்குப் பிறகு ஓய்வூதியம் என்று பலன்கள் உண்டு. 2013-ல் வந்த, பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் வீட்டையும் பணியிடமாகவே கருதுகிறது. வீட்டு வேலை செய்பவர் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் தரலாம். 2011-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டுப் பணியாளர்களுக்கென்று 189-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இவர்களுக்கென்று தனிச் சட்டம் தேவையா என்று ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய அரசிடம் சொன்னது.

சட்டம் வரும்போது வரட்டும். நல வாரியப் பதிவுக்கு இன்றைக்கே வீட்டுக்காரர் உதவலாம். இணையத்தில் விண்ணப்பம் போட, ஆதாரையும் குடும்ப அட்டையையும் ஸ்கேன் செய்ய, போனில் வரும் ஓ.டி.பி.யைப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாமல்தான் நிறையப் பேர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் உட்கார்ந்தால் முடிகிற வேலை. பதிவைப் புதுப்பிக்க வேண்டிய தேதியைச் சமையலறைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

அதோடு இன்னொன்றும் செய்யலாம். இருபது வருடம் குனிந்து துடைத்த முழங்கால் ஐம்பத்தைந்து வயதில் மடங்காமல் போகும்போது, ‘முடியலன்னா நின்னுக்கோங்க’ என்று சொல்வதைத் தவிர வீடுகளில் வேறு ஏற்பாடு கிடையாது. பி.எப். இல்லை, பணிக்கொடை இல்லை. தபால் நிலையத்தில் ஐந்து வருட ஆர்.டி. கணக்கை மாதம் நூறு ரூபாயிலிருந்தே தொடங்கலாம். ஒரு வீடு நூறு ரூபாய் போட்டால் ஐந்து வருடத்தில் போட்ட பணம் மட்டும் 6,000, வட்டி தனி. நாலு வீடும் சேர்ந்தால் 24,000. இது சம்பளத்துக்கு மேலே தருவது, அதில் பிடித்துப் போடுவது அல்ல. கணக்கு அவர் பெயரில் இருக்க வேண்டும், வாரிசாக அவர் சொல்கிறவர் பெயரை எழுத வேண்டும், பாஸ்புக் அவரிடமே இருக்க வேண்டும்.